நடக்கச் சொன்னோம், எங்கே நடப்பது?

(நமது மருத்துவமனையின் வருடாந்தர ஸ்தோத்திரக் கூடுகையில், சமுதாய நலப் பிரிவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



ஒவ்வோர் ஆண்டும் இந்தக் கூடுகையில் ஒரு புதிய இயந்திரத்தையோ புதிய வார்டையோ உங்களுக்குக் காட்டுவது வழக்கம். பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளவும் வசதியாக இருக்கும். இந்த ஆண்டு எங்கள் பிரிவுக்குக் காட்டுவதற்கு ஒரு கேட்தான் இருக்கிறது. சலவைக்கூடத்துக்கு அப்பால், பின்பக்க மதிலில் இருக்கும் பழைய இரும்புக் கேட். அதைத் திறந்து வைத்ததுதான் நாங்கள் செய்த பெரிய வேலை என்று சொன்னால் சிலருக்குச் சிரிப்பு வரலாம். அதை ஏன் திறந்தோம், திறந்த பிறகு என்ன பாடுபட்டோம் என்பதைச் சொல்ல அனுமதி தாருங்கள்.

நமது சர்க்கரை வியாதி கிளினிக்குக்கு மூன்று ஆண்டுகளாக வருகிற ஒரு தாயார் உண்டு. வயது அறுபதை ஒட்டியிருக்கும். பூக்கட்டி விற்கிறவர். ஒவ்வொரு தடவையும் அவருடைய சீட்டில், "தினமும் அரை மணி நேரம் நடக்கவும்" என்று எழுதுவோம். ஒவ்வொரு தடவையும் சர்க்கரை அளவு ஏறியே இருக்கும். ஒருநாள் எங்கள் டாக்டர் சற்றுக் கடிந்துகொண்டார். அந்தத் தாயார் கோபப்படவில்லை. "மூணு வருஷமா நடங்க நடங்கன்னு எழுதுறீங்க. எங்கே நடக்கிறதுன்னு எழுதலையே டாக்டரம்மா" என்றார்.

டாக்டரிடம் பதில் இல்லை. எங்களில் ஒருவரிடமும் இல்லை. அந்த வாரமே இரண்டு பேர் அவருடைய தெருவுக்குப் போனோம். இரண்டு சைக்கிள் எதிரெதிரே வந்தால் ஒன்று நிற்கவேண்டிய சந்து. ஒரு பக்கம் மூடியில்லாத சாக்கடை. மறு பக்கம் வீட்டு வாசல்களில் தண்ணீர்க் குடங்களும் நிறுத்திவைத்த வண்டிகளும். சந்து முடிந்தால் லாரி ஓடும் மெயின் ரோடு, அதற்கு நடைபாதை கிடையாது. விடியற்காலையில் நாய்கள். சாயங்காலம் சாராயக் கூட்டம். வெயில் நேரத்தில் நடப்பதற்கு ஒரு மரநிழல் இல்லை. நமது சீட்டில் நாம் எழுதியது மருந்துக்கடையில் கிடைக்காத மருந்து.

இது ஒரு தாயாருடைய கதை மட்டும் அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ஆம் ஆண்டு வெளியானபோது, நம் தேசத்தில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாக மதிப்பிட்டது. பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது உடம்பு அசைய வேலையோ நடையோ செய்யவேண்டும், பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம் ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன ஆலோசனை. நல்ல ஆலோசனைதான். ஆனால் அந்த 150 நிமிடத்துக்கும் 60 நிமிடத்துக்கும் தரை வேண்டும். தரை யாருக்கு இருக்கிறது?

ஆகவே எங்கள் சுகாதாரப் பணியாளர்களும் நர்சிங் மாணவிகளும் ஒரு காரியம் செய்தார்கள். நகரத்து வரைபடத்தைப் பார்த்துப் பூங்காக்களை எண்ணுவதை விட்டு, அந்தத் தெருவாரோடு சேர்ந்து பூங்காவுக்கு நடந்தே போனார்கள். கைத்தடி ஊன்றும் ஒரு பெரியவர், பதினாலு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி, மூன்று சக்கர வண்டியில் போகும் ஒரு வாலிபர், இடுப்பில் குழந்தையோடு ஒரு தாய். நமது பூ விற்கும் தாயாரும் கூட வந்தார். வரைபடத்தில் அந்தப் பூங்கா கூப்பிடு தூரம். நடந்தபோது அது வேறு ஊராக ஆகிவிட்டது.

முதலில் மெயின் ரோட்டைக் கடக்கவேண்டும். பெரியவர் பாதி தூரம் போய், ஹாரன் சத்தத்தில் திரும்பிவிட்டார். மறுபடி இரண்டு மாணவிகள் கைகாட்டி லாரிகளை நிறுத்தி அழைத்துப் போனார்கள். பூங்கா வாசலில் மாடும் சைக்கிளும் நுழையாதபடி வளைந்து நெளிந்து போகும் இரும்புக் கம்பி வழி. மாடு நுழையவில்லை என்பது உண்மை. மூன்று சக்கர வண்டி வாலிபரும் நுழையவில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொது இடங்களை அவர்களுக்கும் ஏற்றபடி அமைக்கச் சொல்கிறது. சட்டம் வந்த சேதி அந்தக் கம்பிக்கு எட்டவில்லை. அவர் வெளியிலேயே இருந்தார், நாங்கள் உள்ளே போய்த் திரும்பும்வரை.

உள்ளே கழிப்பறை இருந்தது, பூட்டியிருந்தது. இடுப்புக் குழந்தையோடு வந்த தாய் கால் மணி நேரத்தில் புறப்பட்டுவிட்டார். பெஞ்சுகளில் ஆண்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். பதினாலு வயதுப் பெண்பிள்ளையை, "இங்கே எப்போதாவது வருவாயா?" என்று மாணவிகள் கேட்டார்கள். சின்ன வயதில் அண்ணனோடு வருவாளாம். "பெரியவளான பிறகு அம்மா அனுப்பறதில்லை" என்றாள். பூங்கா திறந்திருப்பது காலையில் சில மணி நேரமும் மாலையில் சில மணி நேரமும். பூக்கட்டுகிறவருக்குக் காலை என்பது மார்க்கெட்டு, மாலை என்பது வியாபாரம். அவருக்குக் கை ஒழியும் மத்தியானத்தில் பூங்காவுக்குப் பூட்டு.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். காவலாளி அந்தப் பெரியவரைப் பார்த்து, "நீ எந்தத் தெரு?" என்று கேட்டார். எங்களை அவர் அப்படிக் கேட்கவில்லை. இந்தக் கேள்விக்கு நம் ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு விளக்கவேண்டியதில்லை. நமது சபைகளிலும் ஒரு காலத்தில் கேட்கப்பட்ட கேள்வி அது. ஒரு காலத்தில் என்று நாங்கள் சொல்வதைத் தயவாய் ஏற்றுக்கொள்ளுங்கள்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் திறந்தவெளிகளையும் காப்பதற்கென்றே தமிழ்நாட்டில் 1959-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றினார்கள். பெரிய மனைப்பிரிவு போடுகிறவர்கள் பத்தில் ஒரு பங்கு நிலத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கித் தரவேண்டும் என்ற விதியும் உண்டு. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடமானால் நிலமாகவே தரவேண்டும். 3,000 முதல் 10,000 வரையானால், நிலம் தர இயலாதபோது அதற்கு ஈடாகப் பணம் கட்டிவிடலாம். 3,000-க்குக் கீழே ஒன்றும் வேண்டியதில்லை. இதைப் படித்தபோது எங்களுக்கு ஒன்று உறைத்தது. இந்த விதி புதிய மனைகளின் பின்னாலேயே போகிறது. மனை வாங்க வசதியுள்ளவர்கள் குடியேறும் இடத்தில் பூங்கா முளைக்கும். நூறு வருஷமாக நெருக்கியடித்துக் குடியிருக்கிற பழைய தெருக்களில் புது மனைப்பிரிவு வரப்போவதில்லை, ஆகவே பூங்காவும் வரப்போவதில்லை. ஒருவரும் தீமை நினைக்காமலே, இருக்கிறவனுக்குக் கொடுக்கப்படுகிறது.

இருந்த திறந்தவெளிகளுக்கு என்ன நேர்ந்தது என்பதற்குச் சென்னையைப் பார்க்கலாம். சென்ட்ரல் ரயில் நிலையத்தை அடுத்து, நூறு ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் பீப்பிள்ஸ் பார்க் என்று ஒன்று இருந்தது. ஜனங்களின் பூங்கா என்றே பெயர். 1859-இல் கவர்னராக வந்த டிரவெல்யன் எண்ணத்தில் உருவானது. குளங்கள் உண்டு, மிருகக்காட்சிசாலையும் நெடுங்காலம் அங்கேதான் இருந்தது. அந்தப் பூங்காவின் நிலத்தில் ஒரு பக்கம் மூர் மார்க்கெட் எழுந்தது, ஒரு பக்கம் ரிப்பன் கட்டடம், ஒரு பக்கம் விளையாட்டரங்கம். மார்க்கெட் 1985-இல் எரிந்த பிறகு அந்த இடம் ரயில்வேக்குப் போயிற்று. மிருகங்களும் அதே ஆண்டில் வண்டலூரில் புது இடம் கண்டன. இதில் கவனிக்க வேண்டியது, பூங்காவைத் தின்றவை கெட்ட காரியங்கள் அல்ல. மார்க்கெட்டு வேண்டாமா, நகராட்சி மன்றம் வேண்டாமா? ஒவ்வொன்றும் நல்ல காரியம்தான். நல்ல காரியங்கள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தே அந்த நிழல் போயிற்று.

மருத்துவமனைக்காரர்களாகிய எங்களைக் குத்திய ஒரு வழக்கும் உண்டு. பெங்களூரில் ராஜமகால் விலாஸ் விஸ்தரிப்பில் பொதுப் பூங்காவுக்கென்று திட்டத்தில் விட்டிருந்த இடத்தை, ஒரு மருத்துவமனை கட்டுவதற்காகத் தனியார் அறக்கட்டளை ஒன்றுக்கு ஒதுக்கினார்கள். அங்கே குடியிருந்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். உச்ச நீதிமன்றம் 1991-இல் குடியிருப்போர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மருத்துவமனை நல்லதாயிருக்கலாம், அதற்காகக் குழந்தைகள் விளையாடும் இடத்தையும் எல்லோரும் காற்று வாங்கும் இடத்தையும் எடுத்துக்கொள்ள முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். மருத்துவமனை தோற்று, பூங்கா ஜெயித்தது. எங்கள் கூட்டத்தில் இதைப் படித்தபோது ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. ஏனென்றால் அப்போது எங்கள் மேஜைமேல் ஒரு பிளான் விரித்துக் கிடந்தது.

இனி எங்கள் குற்றத்தைச் சொல்லுகிறோம். நமது வளாகத்தின் பின்பக்கத்தில், ஆதியில் வந்த மிஷனரிமார் விட்டுப்போன வெட்டவெளி ஒன்று உண்டு. வேம்பு, புளி, தூங்குமூஞ்சி மரங்கள் என்று நல்ல நிழல். முன்னெல்லாம் பக்கத்துத் தெருப் பிள்ளைகள் அங்கே விளையாடியதைப் பழைய நர்சுகள் இன்றும் சொல்வார்கள். பிறகு இரண்டொரு திருட்டு நடந்தது. மதில் உயர்ந்தது. மதில்மேல் கண்ணாடிச் சில்லு பதிந்தது. "அந்நியர் உள்ளே வரக்கூடாது" என்று போர்டு மாட்டினோம். வேதவாக்கியம் எழுதிய போர்டும் இந்தப் போர்டும் ஒரே மதிலில் பத்தடி இடைவெளியில் பல வருஷம் இருந்தன, எங்கள் கண்ணில் படவில்லை. மேஜைமேல் இருந்த பிளான், அந்த வெட்டவெளியில் கார்கள் நிறுத்த இடமும் கட்டணப் பிரிவுக்கு ஒரு புதுக் கட்டடமும் எழுப்புவதற்கு.

நிர்வாகக் குழுவில் இதைப் பற்றி மூன்று கூட்டங்கள் பேசினோம். எதிர்த்தவர்கள் இரக்கமற்றவர்கள் அல்ல. இரவு வேலைக்குப் போகும் நர்சுகளுக்குப் பாதுகாப்பு என்ன என்றார் மேட்ரன் அம்மா, நியாயமான கேள்வி. மரத்திலிருந்து ஒரு பிள்ளை விழுந்தால் யார் பொறுப்பு? வார்டுக் கழிவுகள் போகும் வழி பக்கத்தில்தானே இருக்கிறது? கட்டணப் பிரிவின் வருமானத்தில்தானே ஏழைகளுக்கு இலவச வைத்தியம்? கடைசிக் கேள்விக்கு எங்களிடம் இன்றும் முழுப் பதில் இல்லை.

ஒரு மூப்பர் எண்ணாகமம் 35-ஆம் அதிகாரத்தை எடுத்தார். லேவியருக்குக் கொடுக்கப்பட்ட 48 பட்டணங்களைச் சுற்றிலும் வெளிநிலம் விடச் சொல்லி, அதற்கு முழக்கணக்கில் அளவும் ஆண்டவர் குறித்திருக்கிறார். லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்தில் அந்த வெளிநிலத்தை விற்கவும் கூடாது என்று கட்டளை. பட்டணம் கட்டுகிறபோதே கட்டாத இடத்துக்கும் கட்டளை உண்டு என்பதை நாங்கள் அதுவரை கவனித்து வாசித்ததில்லை. அன்று ஒருவர் இன்னொன்றையும் ஞாபகப்படுத்தினார். ரோஜர் உல்ரிக் என்பவர் அமெரிக்காவில் பென்சில்வேனியா மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை ஆபரேஷன் ஆனவர்களின் பதிவேடுகளைப் பார்த்து 1984-இல் எழுதிய கட்டுரை. ஜன்னல் வழியே மரம் தெரிந்த 23 பேரும், செங்கல் சுவர் மட்டும் தெரிந்த 23 பேரும். மரம் தெரிந்தவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகத் தேவைப்பட்டது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் நமது ஆண்கள் வார்டு ஜன்னலிலிருந்து அந்த வேப்பமரங்கள்தான் தெரிகின்றன என்பதை அன்று எல்லோரும் ஒரே நேரத்தில் நினைத்துக்கொண்டோம். பிளான் சுருட்டப்பட்டது. கார்களுக்கு முன்பக்கத்தில் நெருக்கி இடம் பண்ணினோம். கட்டடத்தைப் பழைய கிடங்கின்மேல் மாடியாக எழுப்பலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

கேட்டைத் திறந்தவுடன் ஆசீர்வாதம் பெருகிற்று என்று சொன்னால் பொய்யாகும். முதல் வாரத்தில் ஆடுகள் வந்தன. இரண்டாம் வாரத்தில் கிரிக்கெட் பந்து லேபரட்டரி ஜன்னலை உடைத்தது. மூன்றாம் வாரத்துக்குள் இடம் முழுவதும் வாலிபப் பையன்கள் கைவசம் ஆகிவிட்டது. பெண்கள் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பூங்காவில் நாங்கள் கண்டு குறைசொன்ன அதே காரியம் எங்கள் இடத்திலேயே நடந்தது. கேட்டைத் திறப்பதும் இடத்தைத் திறப்பதும் ஒன்றல்ல.

அந்தத் தெருப் பெண்களையே அழைத்துக் கேட்டோம். அவர்கள் கேட்டது மூன்றுதான். பூட்டாத கழிப்பறை, இருட்டின பிறகு விளக்கு, வாசலில் ஒரு பெண் காவலாளி. தெருவிலேயே ஒரு விதவைச் சகோதரியை அந்த வேலைக்கு வைத்தோம். அவர் கண்டிப்பானவர். யாரையும் எந்தத் தெரு என்று கேட்கிறதில்லை, பீடி பற்றவைத்தால் மட்டும் விடமாட்டார். மதியம் 12 முதல் 3 வரை பெண்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் என்று ஒதுக்கினோம், ஏனென்றால் அவர்களுக்குக் கை ஒழிவது அப்போதுதான், மரநிழலும் இருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் மாலையில் பெண்பிள்ளைகள் விளையாட்டு. பையன்கள் முறுமுறுத்தார்கள். அவர்களில் நாலு பேர் இப்போது வலைப்பந்துக் கம்பம் நட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மேட்ரன் அம்மா கேட்ட பாதுகாப்புக்கு, நர்சுகள் விடுதிப் பக்கம் வேலி போட்டோம். திருட்டு இதுவரை இல்லை. வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் கண்ணாடிச் சில்லைவிட நல்ல காவல் போலும்.

பூ விற்கும் தாயார் வருகிறார். பூவைக் கட்டிமுடித்து, ஈரத்துணி சுற்றி வைத்துவிட்டு, ஒரு மணிக்கு வந்து மூன்று சுற்று நடப்பார். சர்க்கரை குறைந்ததா என்று கேட்பீர்கள். கொஞ்சம் குறைந்திருக்கிறது, மாத்திரை நிற்கவில்லை, பாதத்து எரிச்சலும் நிற்கவில்லை. ஆனால் மாதக்கணக்கில் ஒரு தடவைகூட அவரை நாங்கள் கடிந்துகொள்ளவில்லை. அவரோடு இன்னும் ஒன்பது பேர் வருகிறார்கள். பேச்சுச் சத்தம் வார்டு வரை கேட்கிறது. ஆண்கள் வார்டிலிருந்து ஒரு முறையீடு வந்தது, அதை நாங்கள் கிழித்துப்போட்டோம்.

இதனால் நகரத்துப் பூங்காவை நாங்கள் விட்டுவிடவில்லை. மிஷன் வளாகத்தில் இடம் கிடைப்பது எங்கள் தயவு. குழு மாறினால் தயவு மாறலாம். பூங்கா அந்த ஜனங்களுடைய உரிமை. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் தெருவாரே போய் மனுக் கொடுத்தார்கள், நாங்கள் எழுத மட்டும் உதவினோம். இரண்டு தடவை பதில் இல்லை. மூன்றாம் தடவைக்குப் பிறகு வாசல் கம்பியில் ஒரு பகுதியை அறுத்து, மூன்று சக்கர வண்டி போகும் வழி விட்டிருக்கிறார்கள். கழிப்பறை இன்னும் பூட்டியே இருக்கிறது. மத்தியானப் பூட்டும் அப்படியே. ரோட்டைக் கடக்கும் இடத்தில் வேகத்தடை கேட்டிருக்கிறோம்.

சகரியா தீர்க்கதரிசி எருசலேமின் மீட்பைத் தரிசனமாய்க் கண்டபோது, 8-ஆம் அதிகாரத்தில், தடியூன்றிய வயோதிபரையும் விளையாடுகிற பிள்ளைகளையும் பட்டணத்து வீதிகளிலே காண்கிறார். அங்கே எங்களை நிறுத்துவது அந்த இரண்டு வயதுக்காரர்தான். லாரிக்குப் பயந்து முதலில் திரும்புகிறவர்களும், மத்தியானப் பூட்டுக்கு முன் நிற்கிறவர்களும் அவர்களே.

இப்போது எங்கள் தேவைகளைச் சொல்லி முடிக்கிறோம். காவல் சகோதரியின் சம்பளத்துக்கு இந்த ஆண்டுக்கு மட்டுமே பணம் இருக்கிறது. இன்னும் இரண்டு விளக்குக் கம்பங்கள் வேண்டும். சாய்ந்து உட்காரவும் கையூன்றி எழுந்திருக்கவும் ஏற்ற பெஞ்சுகள் நாலு வேண்டும். இப்போதுள்ள சிமெண்டுத் திண்ணையில் உட்கார்ந்த பெரியவரைத் தூக்கிவிட இரண்டு பேர் தேவைப்படுகிறார்கள். பெஞ்சில் பெயர் பொறிக்க விரும்புகிறவர்கள் சிறிய எழுத்தில் பொறிக்கச் சம்மதிக்கவேண்டும் என்று குழு தீர்மானித்திருக்கிறது. கட்டணப் பிரிவு தள்ளிப்போனதால் இலவச வைத்திய நிதியில் குறைவு உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. அதற்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

பணம் கேளாத ஒரு விண்ணப்பமும் உண்டு. உங்களில் அநேகர் வளாகமுள்ள சபைகளிலிருந்து வந்திருக்கிறீர்கள். ஆலயத்தைச் சுற்றி மரமும் மண்ணும் உள்ள அந்த இடம் வாரத்தில் எத்தனை மணி நேரம் பூட்டியிருக்கிறது என்று இந்த வாரம் ஒரு தாளில் குறித்து எங்களுக்கு அனுப்புங்கள். பக்கத்துத் தெருவில் பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். சிறுகுழு ஒன்று வைத்துச் சேர்ந்து யோசிக்க ஆசைப்படுகிறோம்.

தேநீருக்குப் பிறகு வெளிநிலத்தைப் பார்க்க விரும்புகிறவர்களைச் சலவைக்கூடத்து வழியாக அழைத்துப் போகிறோம். இன்று வெள்ளிக்கிழமை, பெண்பிள்ளைகள் விளையாட்டு நாள். ஆகவே சகோதரர்கள் தயவாய் ஓரமாகவே நடந்து வாருங்கள். காவல் சகோதரி உங்களையும் விடமாட்டார்.